ரெண்டு பேருக்கு 700 ரூபாய்!

எங்க ஹாஸ்டல் மெஸ்ஸில் வியாழக்கிழமை ராத்திரின்னா சேமியா உப்புமா. அதுக்கு மேல வர்ணிச்சா நீங்க இந்தப் பக்கத்தைத் திருப்பிடுவீங்க. தட்டைக் கழுவி வெச்சுட்டு மக்கள் எல்லாம் நேரா வர்ற இடம் எங்க ரூம். ஏன்னா, அங்கதான் 'புக்' இருக்கு.

செமஸ்டர் புக் இல்லீங்க. சென்னையில் எங்கெங்கே என்னென்ன சாப்பிடலாம்னு சொல்ற ஹோட்டல் கைடு. 2019-ல் அச்சானது. அதைக் காசு கொடுத்து வாங்கின சீனியர் இப்போ ஏதோ ஒரு ஐ.டி. கம்பெனியில் செட்டில். போகும்போது வாளி, கொசுவலை, அயர்ன் பாக்ஸ் வரிசையில் இதையும் ஜூனியருக்கு உயில் எழுதி வெச்சுட்டுப் போனார். கைமாறி, கைமாறி கடைசியா என் ரூம்மேட்கிட்ட வந்து நின்னுது. (அவனுக்கு வீட்டில் வெச்ச பேர் ஒண்ணு உண்டு. ஆனா 'பசி'ன்னு கூப்பிட்டாத்தான் திரும்பிப் பார்ப்பான்.)

உப்புமா நாள்ல பசி கட்டில்மேல ஏறி உட்கார்ந்து, "நல்லெண்ணெயில் வதக்கிய நாட்டுக்கோழி..."ன்னு ஏற்ற இறக்கத்தோட வாசிப்பான். நாங்க ஆறு பேரு கண்ணை மூடிக்கிட்டு கேப்போம். அந்தப் புக்கோட முதல் உபயோகம் இதுதான். பைசா செலவில்லாம பாதி வயிறு நிறையும்.

இதை ஆபீஸ்ல சும்மா வாய் தவறி உளறிட்டேன். "அட, நல்லாயிருக்கே! அந்தப் புக்கை மட்டும் வெச்சுக்கிட்டு ஒரு வாரம் ஊரைச் சுத்து. உருப்படியா உதவுதா, இல்ல வெறும் படமான்னு எழுதிட்டு வா" என்றார் எடிட்டர். கூடவே போன மாசம் நான் எழுதின ரெண்டு கட்டுரைக்கு சன்மானமா ஒரு கவர். உள்ளே ரெண்டு ஐந்நூறு ரூபாய் நோட்டு. என் வாழ்க்கையில் நான் சம்பாதிச்ச முதல் காசு!

அந்தக் கவர் கதைக்குப் பின்னாடி வர்றேன். முதல்ல புக்கு.

நேர்மையா சொல்லணும்னா, உதவுது. அதுவும் என்னை மாதிரி ஆளுங்களுக்கு நிறையவே. நான் சிவகாசிப் பையன். முதல் வருஷம் முழுக்க எனக்கு சென்னைன்னா எழும்பூர் ஸ்டேஷன், காலேஜ், மெரினா. அவ்ளோதான். 'எங்கடா நல்லா இருக்கும்?'னு லோக்கல் பசங்ககிட்ட கேட்கக் கூச்சம். 'இது கூடத் தெரியாதா?'ன்னு ஒரு லுக்கு விடுவாங்க பாருங்க... அதுக்கு உப்புமாவே தேவலைன்னு தோணும். புக்கு அப்படியெல்லாம் லுக்கு விடாது. எத்தனை தடவை கேட்டாலும் மூஞ்சியைச் சுளிக்காம அதே பதிலைச் சொல்லும்.

ஏரியா வாரியா பிரிச்சிருக்கான். கடைசியில அகரவரிசை. என்னைக்கு லீவு, எத்தனை மணிக்கு மூடுவாங்க, எது ஸ்பெஷல்னு நாலு வரி. திருவல்லிக்கேணி ரத்னா கஃபேக்கு முதல் தடவை நாங்க போனது இந்த நாலு வரியை நம்பித்தான். 1948-ல் ஆரம்பிச்ச கடை. 'சாம்பார் இட்லி சொல்லுங்க'ன்னு புக்கு சொல்லுச்சு, சொன்னோம். ரெண்டு இட்லி வந்துச்சு. பின்னாடியே ஒருத்தர் ஜக்கோட வந்து சாம்பாரை ஊத்த ஆரம்பிச்சார் பாருங்க, இட்லி முழுகிப்போய் எங்க இருக்குன்னே தெரியலை. பசி நெகிழ்ந்துபோய், "மச்சி, இவருக்கு நிறுத்தவே மனசு வரலைடா"ன்னான். எங்க ஹாஸ்டல் மாஸ்டருக்கு ஆரம்பிக்கவே மனசு வராது.

அப்புறம் பாரிமுனை அத்தோ. பீச் ஸ்டேஷனுக்கு எதிர்ல, செகண்ட் லைன் பீச் ரோட்டுப் பக்கம் சாயங்காலமானா தள்ளுவண்டிங்க வந்து நிக்கும். ஆரஞ்சு கலர் நூடுல்ஸைக் கையாலேயே பிசைஞ்சு, வறுத்த வெங்காயம், முட்டைக்கோஸ், புளித்தண்ணி எல்லாம் போட்டு, பக்கத்துல ஒரு கிண்ணத்துல வாழைத்தண்டு சூப். 1962-ல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்ததுக்கு அப்புறம், கடை கண்ணியெல்லாம் அரசாங்கம் எடுத்துக்க, அங்கே தலைமுறை தலைமுறையா இருந்த தமிழர்கள் கப்பலேறித் திரும்பினாங்க. அவங்க கையோட வந்த சாப்பாடு இது. இந்த ரெண்டு வரி வரலாறு புக்குல இருந்தது. இல்லேன்னா, 'ஏதோ சைனீஸ் ஐட்டம்'னு நினைச்சுத் தின்னுட்டு வந்திருப்பேன். தெரிஞ்சு சாப்பிட்டப்போ கொஞ்சம் வேற மாதிரி இருந்துச்சு. வண்டிக்காரர்கிட்ட ரெண்டு கேள்வி கேட்கத் தோணுச்சு. அவரும் ஒரு முட்டையை எக்ஸ்ட்ராவா வெச்சார். (காசு வாங்கினார். ஆனா சிரிச்சுக்கிட்டே வாங்கினார்.)

சரி, குறைக்கு வருவோம்.

ஒவ்வொரு கடைக்குக் கீழேயும் குட்டிக் குட்டியா படம் போட்டிருக்கான். ஸ்னோ ஃப்ளேக் இருந்தா ஏசி. கிளாஸ் இருந்தா பார். கார் இருந்தா பார்க்கிங். கார்டு இருந்தா கார்டு. பசி ஒருநாள் விடிய விடிய புக்கைப் புரட்டிட்டு, "மாப்ள, கார் படம் எல்லாப் பக்கத்துலயும் இருக்கு. பஸ் நம்பர் ஒரு பக்கத்துல கூட இல்லடா!" என்றான். அட, ஆமா!

எங்க கிளாஸ் பொண்ணுங்க கிட்ட கொடுத்தப்போ வேற ஒரு லிஸ்ட் வந்துச்சு. "டாய்லெட் இருக்கா, அது நல்லா இருக்கா... அதைப் போடலை. ராத்திரி ஒன்பது மணிக்குத் தனியா ஒரு பொண்ணு போய் உட்கார்ந்து ஒரு தோசை சாப்பிட்டா சர்வர் எப்படிப் பார்ப்பார்? அதைப் போடலை. 'ஆம்பியன்ஸ்: ரொமான்டிக்'. இது யாருக்கு வேணும்?" என்றாள் ஒருத்தி. இன்னொரு ஃப்ரெண்ட் காலில் காலிபர் போட்டிருக்கான். அவன் கேட்டது ஒரே கேள்விதான்: "எத்தனை படி?" அதுக்கு ஒரு குட்டிப் படம் போட எவ்வளவு இடம் ஆகிடப்போகுது?

மயிலாப்பூர் மாட வீதியில் காளத்தி கடை தெரியுமில்ல? 1927-ல் இருந்து இருக்கிற கடை. பேப்பர், புஸ்தகம் விக்கிற கடையில் ரோஸ் மில்க். கபாலீஸ்வரர் கோயிலுக்குப் போறவன்ல பாதிப்பேர் அங்க ஒரு கிளாஸ் அடிக்காம வீட்டுக்குப் போறதில்லை. புக்குல தேடினேன், இல்லை. யோசிச்சுப் பார்த்தா அவன்மேல தப்பு சொல்லவும் முடியலை. 'சவுத் இண்டியன்', 'செட்டிநாடு', 'பேக்கரி', 'மல்டி குசின்'னு தலைப்பு வெச்சிருக்கான். நியூஸ்பேப்பர் கடையை எந்தத் தலைப்புல சேர்ப்பான்?

கார் விஷயம் மட்டும் மண்டையிலேயே ஓடிச்சு. லைப்ரரியில் கொஞ்சம் தோண்டினேன். சிரிப்பு வந்துடுச்சு. உலகத்திலேயே பெரிய பேர் வாங்கின ஹோட்டல் கைடை ஆரம்பிச்சது ஒரு டயர் கம்பெனி பாஸ்! மிஷ்லின். 1900-ல் பிரான்ஸ் நாட்டில் மொத்தமே மூவாயிரம் கார் கூடக் கிடையாது. அப்போ ஆந்த்ரே, எட்வார்ட்னு ரெண்டு சகோதரர்கள் 35,000 கைடு அடிச்சு சும்மா கொடுத்தாங்க. எங்க பெட்ரோல் கிடைக்கும், டயரை எப்படி மாத்தணும், எங்க தங்கலாம்னு அதுல இருந்தது. ஜனங்க கார்ல நாலு ஊரு சுத்தினாத்தானே டயர் தேயும்? டயர் தேஞ்சாத்தானே இவங்களுக்கு வியாபாரம்? மெக்கானிக்கல் படிக்கிற எனக்கு உராய்வு விசையை இப்படிக் காசாக்கலாம்னு எந்த புரொஃபசரும் சொல்லித்தரலை.

1920-ல் இருந்து கைடுக்கு விலை வெச்சாங்க. 1926-ல் நட்சத்திரம் கொடுக்க ஆரம்பிச்சாங்க. 1931-ல் அது ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு ஆச்சு. அர்த்தத்தைப் பாருங்க: ரெண்டு நட்சத்திரம்னா வழியை விட்டு விலகியாவது போய்ச் சாப்பிடலாம். மூணுன்னா அதுக்குன்னே தனியா ஒரு பயணம் கிளம்பலாம். எல்லாமே கார்ல உட்கார்ந்திருக்கிறவனைப் பார்த்துச் சொன்னது!

ஆனா ஒண்ணு. அவங்க ஆளுங்க யாருன்னு கடைக்காரனுக்குத் தெரியாது. சாதாரண கஸ்டமரா போய்ச் சாப்பிட்டு, முழு பில்லையும் கட்டிட்டு வருவாங்க. அந்த மரியாதைக்கும் ஒருதரம் அடி விழுந்துச்சு. 2005-ல் பெல்ஜியம், நெதர்லாந்து, லக்ஸம்பர்க் நாடுகளுக்கான கைடுல ஆஸ்டெண்ட் நகரத்து ஹோட்டல் ஒண்ணைப் பாராட்டிச் சேர்த்திருந்தாங்க. விசாரிச்சா, புக்கு தயாரானப்போ அந்த ஹோட்டலை இன்னும் திறக்கவே இல்லை! அத்தனை காப்பியையும் திரும்ப வாங்க வேண்டியதாப்போச்சு.

அமெரிக்காவில் வேற ரூட்டு. 1979-ல் நியூயார்க்கில் டிம், நினான்னு ஒரு வக்கீல் தம்பதி. பத்திரிகையில் ஒரே ஒருத்தர் எழுதறதை எதுக்கு நம்பணும்னு ஃப்ரெண்ட்ஸ்கிட்ட எல்லாம் மார்க் போடச் சொல்லித் தொகுத்தாங்க. அதுதான் ஸகாட் கைடு. சாப்பாடு, அலங்காரம், கவனிப்பு... ஒவ்வொண்ணுக்கும் முப்பதுக்கு மார்க். பாக்கெட்ல அடங்குற ஒல்லி புக்கு. 2011-ல் கூகுள் விலைக்கு வாங்கற அளவுக்கு வளர்ந்துச்சு. ஆனா வக்கீலோட ஃப்ரெண்ட்ஸ் எங்க சாப்பிடுவாங்க? வக்கீல் சாப்பிடுற இடத்துலதானே!

நம்ம ஊர் ஸொமாட்டோ கூட இந்த வழிதான். 2008-ல் டெல்லியில் ஆபீஸ் பக்கத்து ஹோட்டல் மெனு கார்டை எல்லாம் ஸ்கேன் பண்ணிப் போட்டதுல ஆரம்பிச்சது. அப்போ அதுக்குப் பேரு ஃபுடிபே. 2012-ல் ஒரு பேங்க்கோட சேர்ந்து அவங்களே அச்சுல கைடு போட்டாங்க, பிறகு நிறுத்திட்டாங்க. இப்போ எல்லாம் போன்லயே வந்துடுச்சு, புக்கு எதுக்குன்னு கேப்பீங்க. போன்ல ஒரு கடைக்கு ஆயிரம் பேரு மார்க் போட்டிருக்கான். அதுல எத்தனை பேரு நிஜமா அங்க சாப்பிட்டவன்? எங்க பிளாக்லயே ஒருத்தன் கூப்பனுக்காகப் போகாத கடைக்கு அஞ்சு ஸ்டார் குத்தினான். புக்கு போட்டவனாவது தன் பேரை அட்டையில் போட்டிருக்கான்.

ஆனா, புக்குக்கு வயசாகும். அதுதான் பெரிய வில்லங்கம். திருவல்லிக்கேணி பழைய புத்தகக் கடையில் பத்து ரூபாய்க்கு 2006-ல் வந்த இன்னொரு கைடு கிடைச்சுது. அதுல உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் பத்தி உருகி உருகி எழுதியிருந்தாங்க. கார்ல உட்கார்ந்தபடியே போண்டா, மரத்தடி, அரட்டை... 1962-ல் இருந்து நடந்த அந்த ஹோட்டலை 2008-ல் மூடிட்டாங்க. இப்போ அங்க செம்மொழிப் பூங்கா. போண்டாவை நினைச்சுக்கிட்டு போனா செடியைப் பார்த்துட்டு வரலாம். எங்க 2019 புக்குலயும் கொரோனாவுக்கு அப்புறம் காணாமப்போன கடை நிறைய. பசி பென்சிலால் ஒவ்வொண்ணா அடிச்சிருக்கான். சில பக்கத்தைப் பார்த்தா இரங்கல் செய்தி மாதிரி இருக்கும்.

மூடின கடையாவது பரவாயில்லை. வாசல்லயே தெரிஞ்சுடும். திறந்திருக்கிற கடைதான் ஆபத்து. இனிமேதான் கவர் கதை.

அந்த வாரம் அப்பா சென்னைக்கு வந்தார். சிவகாசியில் ஒரு ஆப்செட் பிரஸ்ஸில் பைண்டிங் செக்‌ஷன் பார்க்கிறார். தினசரி காலண்டர் சீசன். பாரிமுனையில் ஒரு பார்ட்டிக்கு சாம்பிள் காட்ட முதலாளி அனுப்பியிருந்தார். பொதிகையில் வந்து, வேலையை முடிச்சுட்டு, சாயங்காலம் ஹாஸ்டல் வாசல்ல வந்து நின்னார். கையில் ஒரு மஞ்சப்பை, பால்கோவா டப்பா.

"அப்பா, இன்னைக்கு ராத்திரி சாப்பாடு என் செலவு" என்றேன்.

"ஏம்ப்பா, காசுக்கு என்ன பண்ணுவ?"

கவரைக் காட்டினேன். வாங்கி, நோட்டைத் தொடாம, கவர் மேல இருந்த என் பேரை மட்டும் படிச்சுட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

புக்குல முன்னாடியே மார்க் பண்ணி வெச்சிருந்தேன். நுங்கம்பாக்கத்தில் ஒரு ஹோட்டல். பேரு வேண்டாம். முழுப் பக்கம் எழுதியிருந்தான். 'குடும்பத்தோடு போக ஏற்ற இடம். இருவருக்கு 700 ரூபாய்.' கையில ஆயிரம். முந்நூறு மிச்சம் வரும், அப்பாவை ஆட்டோவில் அனுப்பலாம். கணக்கு கரெக்டு!

உள்ளே போனதும் ஏசி. அப்பா செருப்பை எங்க விடறதுன்னு ஒரு நொடி கீழே பார்த்தார். மெனு கார்டு வந்துச்சு. நான் இடது பக்கம் படிச்சேன். அப்பா வலது பக்கம் படிச்சார். பொறுமையா, மேல இருந்து கீழ வரைக்கும், புரூஃப் பார்க்கிற மாதிரி. அப்புறம் கார்டை மூடி வெச்சுட்டு, "எனக்குப் பசிக்கலைப்பா. பாரிமுனையில பார்ட்டி வீட்ல வடை குடுத்தாங்க. நீ சாப்பிடு, நான் பார்த்துக்கிட்டு இருக்கேன்" என்றார்.

அப்பதான் நான் வலது பக்கம் பார்த்தேன். ஒரு பிரியாணி 480 ரூபாய். ஒரு சூப் 220. இது இப்போதைய விலை. 700-ங்கிறது 2019 விலை. கிளம்பறதுக்கு முன்னாடி போன் பண்ணி ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்ல மூணாவது டெசிமல் வரைக்கும் கணக்குப் போடுறவனுக்கு இது தோணலை. எழுந்து போகவும் வெட்கம். ஒரு பிரியாணி, ஒரு சூப், 'ரெண்டு பேரும் வெச்சுக்குறோம்'னு சொன்னேன். சர்வர் கேட்காமலேயே தண்ணி பாட்டிலைத் திறந்து ஊத்தினார், 70. சொல்லாமலேயே மசாலா அப்பளம் வந்துச்சு, 130. ஆச்சா 900? சர்வீஸ் சார்ஜ் பத்து சதவீதம், 90. அதுக்கு மேல ஜி.எஸ்.டி. அஞ்சு சதவீதம். மொத்தம் 1,040 ரூபாய்.

என் போன்ல இருந்தது பதினோரு ரூபாய். அப்பா ஒண்ணும் பேசலை. சட்டை உள்பாக்கெட்ல இருந்து ஒரு அம்பது ரூபாய் நோட்டை எடுத்து, மடிப்பை நீவி, என் ரெண்டு நோட்டுக்கு அடியில வெச்சார்.

(சர்வீஸ் சார்ஜைத் தானா பில்லில் சேர்க்கக் கூடாது, கஸ்டமர் விருப்பப்பட்டாத்தான்னு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-லயே சொல்லிடுச்சு. 'எடுத்துடுங்க'ன்னு கேட்டிருந்தா 90 ரூபாயும் அதுக்கான வரியும் போயிருக்கும். ஆயிரத்துக்குள்ள முடிஞ்சிருக்கும். எனக்கு அப்போ தெரியாது. நீங்க தெரிஞ்சுக்கங்க!)

வெளியில் வந்து பஸ் ஸ்டாப்ல நின்னோம். எனக்கு அழுகையா வந்துச்சு. அப்பா என் பையில் இருந்த புக்கை வாங்கி, தெருவிளக்கு வெளிச்சத்துல பார்த்தார். படிக்கலை. முதுகைத் தடவினார். விரிச்சார். ரெண்டு தாளைக் கட்டை விரலால் தேய்ச்சார்.

"பெர்ஃபெக்ட் பைண்டிங். பசை காஞ்சுபோச்சு, அதான் பக்கம் கழலுது. தம்பி, இங்க பாரு. முன்னாடி ரெண்டு பாரம் ஆர்ட் பேப்பர், எல்லாம் விளம்பரம். உள்ளே மேப்லித்தோ. ஆர்ட் பேப்பர்ல இருக்கிற கடைக்கெல்லாம் உள்ளேயும் முழுப் பக்கம் இருக்கும், பாரேன்."

புரட்டிப் பார்த்தேன். முக்கால்வாசி சரியா இருந்துச்சு! நாலு வருஷமா எங்க ரூமில் இருக்கிற புக்கு. ஆறு இன்ஜினீயரிங் மூளை கண்டுபிடிக்காததை அப்பா தாளைத் தொட்டே சொல்லிட்டார். காசு வாங்கிட்டுப் பொய் எழுதினாங்கன்னு நான் சொல்ல வரலை. ஆனா ரத்னா கஃபேக்கு நாலு வரி, இந்த ஹோட்டலுக்கு முழுப் பக்கம் ஏன்னு புரிஞ்சுது.

"இப்பப் பசிக்குதுப்பா. வா" என்றார்.

திருவல்லிக்கேணிக்கு பஸ் ஏறினோம். அங்கதான் ஒரு மேன்ஷனில் அவர் எப்பவும் தங்குவார். இறங்கினதும் மஞ்சப்பையில் இருந்து ஒரு குட்டி டைரியை எடுத்தார். அவங்க பிரஸ்ஸில் அடிச்ச பழைய பாக்கெட் டைரி. ஆர்டர் எடுக்க ஊர் ஊராப் போற அண்ணாச்சிங்க ஒருத்தர் மாத்தி ஒருத்தர் எழுதினதாம். ஊர் பேரு, கீழே மெஸ் பேரு. எதிர்ல குறிப்பு. 'இரண்டாம் சோறு காசு இல்லை.' 'ஞாயிறு ராத்திரி கிடையாது.' '9.30க்கு மேல் ரசம் தீர்ந்துவிடும்.' 'பெட்டி வைக்க இடம் உண்டு.' 'சில்லறை கொண்டுபோகவும்.' 'முதலாளி கோபக்காரர், பிள்ளை நல்லவர்.' அஞ்சு விதமான கையெழுத்து, மூணு கலர் மை.

நான் வாயைப் பொளந்துட்டேன். இப்படி ஒரு புக்கு நம்ம வீட்லயே இருக்கு!

உடனே புல்லரிச்சுடாதீங்க. அந்த டைரியை நம்பிப் போன முதல் மெஸ் இருந்த இடத்துல செல்போன் கவர் கடை. அப்பா சிரிச்சுட்டார். டைரிக்கும் வயசாகுதில்ல! பக்கத்துச் சந்துல ரெண்டாவது மெஸ் இருந்துச்சு. டோக்கன் வாங்கிட்டு, நாற்காலி காலியாகுற வரைக்கும் நின்னு, இலை போட்டு உட்கார்ந்தோம். சோறு, சாம்பார், வத்தக்குழம்பு, ஒரு கூட்டு, ரசம், மோர். ரெண்டு பேருக்கும் சேர்த்து 200 ரூபாய். அப்பா மூணு தடவை சோறு வாங்கினார். பார்ட்டி வீட்ல வடையெல்லாம் குடுக்கலைன்னு அப்பதான் எனக்கு உறைச்சது.

ஆனா அந்த மெஸ்ஸில் இருந்த நாற்பது பேரும் ஆம்பளைங்க. டைரியிலும் முழுக்க ஆம்பளைங்க போற கடைதான். எங்க கிளாஸ் பொண்ணுங்க இதைப் பார்த்திருந்தா அதே கேள்வியைத்தான் கேட்டிருப்பாங்க.

மறுநாள் அக்காவுக்கு போன் பண்ணி எல்லாத்தையும் கொட்டினேன். அக்கா எம்.ஏ. தமிழ். கேட்டுட்டு, "டயர் கம்பெனிதான் முதல்ல கைடு போட்டதுன்னு எழுதிடாதே. ஆற்றுப்படைன்னா என்னன்னு நினைச்சே?" என்றாள். பிளஸ் டூ பரீட்சைக்கு 'ஆற்றுப்படுத்தல் என்றால் வழிப்படுத்தல்'னு மனப்பாடம் பண்ணி ரெண்டு மார்க் வாங்கினது ஞாபகம் வந்துச்சு. வள்ளல்கிட்ட பரிசு வாங்கிட்டு வர்ற பாணன், எதிர்ல பசியோட வர்ற இன்னொரு பாணனுக்கு வழி சொல்றான். எந்த ஊர் வழியாப் போகணும், அந்த ஊர்ல என்ன சாப்பாடு கிடைக்கும்னு எல்லாம் சொல்றான். சிறுபாணாற்றுப்படையில் கடற்கரை எயிற்பட்டினத்தில் கள்ளும் சுட்ட குழல்மீனும். வேலூரில் புளிச்சோறும் ஆமான் கறியும். ஆமூரில் கைக்குத்தல் அரிசிச் சோறும் நண்டும். அக்கா வரிசையா சொல்லச் சொல்ல எனக்கு எச்சில் ஊறிச்சு. எயிற்பட்டினம்ங்கிறது நம்ம மரக்காணம் பக்கம்னு சொல்றாங்களாம். அடப்பாவிகளா, ஈ.சி.ஆர். ரோடு!

"அதுல இன்னொரு இடம் இருக்குடா. வழி சொல்றவன் தன் வீடு முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு சொல்வான். குப்பையில முளைச்ச கீரையைப் பறிச்சு, உப்புகூட இல்லாம வேக வெச்சு, அக்கம்பக்கம் பார்த்துடக் கூடாதுன்னு கதவைச் சாத்திக்கிட்டு சாப்பிட்டாங்களாம்."

கொஞ்ச நேரம் நான் ஒண்ணும் பேசலை. "என்னடா, லைன்ல இருக்கியா?" என்றாள் அக்கா.

எடிட்டர் இந்த புக்குக்கு அஞ்சுக்கு எத்தனை ஸ்டார்னு கடைசியில போடச் சொன்னார். போடப் போறதில்லை சார், மன்னிச்சுக்கங்க. நீங்க கார் வெச்சிருந்தா, இந்த வருஷத்துப் பதிப்பா இருந்தா, கண்ணை மூடிக்கிட்டு வாங்குங்க. எங்களை மாதிரின்னா பழைய பதிப்பே போதும். கடை பேரு, ஏரியா, எது ஸ்பெஷல்... இதுக்கு வயசாகறதில்லை. விலையை மட்டும் நம்பாதீங்க, கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு போனைப் போடுங்க.

எங்க புக்கு இப்போ ஹாஸ்டலில் இல்லை. ஊருக்குக் கிளம்பறப்போ அப்பா, "பக்கம் கழலுது பாரு, குடு, தச்சு அனுப்புறேன்"னு மஞ்சப்பையில் வெச்சு எடுத்துட்டுப் போயிட்டார். போன ஞாயித்துக்கிழமை போன்ல சொன்னார், முன்னாடி இருந்த ரெண்டு ஆர்ட் பேப்பர் பாரத்தையும் எடுத்துட்டாராம். அதுக்குப் பதிலா பின்னாடி ஒரு பாரம், பதினாறு பக்கம், வெள்ளைத் தாள் சேர்த்து தையல் போட்டிருக்காராம்.

"எதுக்குப்பா வெள்ளைத் தாள்?"

"நீங்கதான் எழுதணும்."

பசி இப்பவே சண்டை. முதல் பக்கம் அவனுக்காம். பஸ் நம்பரோட எழுதுவானாம். அந்த காலிபர் ஃப்ரெண்ட், ரத்னா கஃபே வாசல்ல எத்தனை படின்னு எண்ணி வெச்சுட்டு வந்துட்டான். வியாழக்கிழமைக்குள்ள கூரியர் வந்துடணும்.